போ போ

ஜன்னலைச் சாத்த வேண்டாம், திறந்தே இருக்கட்டும். புழுதி வந்தால் வரட்டும். ஐம்பது நாள் ஜன்னலைத் திறக்காத வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன். அங்கே திறந்தால் எதிர்க் கட்டடத்தில் எவனோ பன்றிக் கொழுப்பு வறுக்கிற வாடை வரும். இந்தத் திருமங்கலத்துப் புழுதி எவ்வளவோ மேல்.

நீங்கள் புளியங்குடியா? நான் தென்காசி. நல்லது, மூன்று மணி நேரத்துக்குப் பேச்சுத் துணை ஆயிற்று. இந்தப் பை காலில் இடிக்கிறதா? மடியில் வைத்துக்கொள்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, லேகியம் கொண்டுபோன எவர்சில்வர் டப்பா. பெட்டியெல்லாம் பின்னால் கிடக்கிறது, அது எப்படிக் கிடந்தால் என்ன. இதை மட்டும் கையில் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது நசுங்கிவிடும்.

ஹாங்காங்கிலிருந்து வருகிறேன். மகள் அங்கே இருக்கிறாள், பேறுகாலம் பார்க்கப் போனேன். பெரிய ஊர், பெரிய துறைமுகம், பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் தெரு டெய்லர் பெண்சாதி, ஊரே கண்ணாடி மாதிரி இருக்குமாமே அக்கா என்றாள். கண்ணாடிதான். கண்ணாடிக்குப் பின்னால் வாத்தைக் கழுத்தோடு தொங்கவிட்டிருப்பார்கள். வரிசையாக, தலை ஒரு பக்கம் சாய்ந்து, எண்ணெய் சொட்டச் சொட்ட. அதற்குக் கீழே நின்று ஆபீஸ் போகிற பெண்கள் சாப்பாடு வாங்குவார்கள். நான் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஐம்பது நாளும்.

சுத்தமான ஊர் என்பார்கள். தெருவில் ஒரு காகிதம் கிடக்காது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தரையைத் துடைத்துவிட்டால் சுத்தமா? வயிற்றுக்குள் போவதைப் பார்க்க வேண்டாமா?

முதல் வாரம் மாப்பிள்ளை ஊர் சுற்றிக் காட்டினார். குற்றாலநாதன் என்று பெயர், நம் பக்கத்துப் பிள்ளைதான், கப்பல் கம்பெனியில் வேலை. நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டார். படகில் ஏற்றி அக்கரைக்குக் கூட்டிப்போனார். கடல் என்றார். நாலு பக்கமும் கட்டடம் நிற்கிறது, நடுவில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். திருச்செந்தூரில் பார்க்கிறோமே, அது கடல். இது டீசல் வாடை அடிக்கிற தெப்பக்குளம். டிசம்பரில் அங்கே குளிர்காலம். குளிர் என்றால் குற்றாலத்துச் சாரல் மாதிரி இல்லை, ஈரத்துணியை எலும்பில் சுற்றிவிட்ட மாதிரி. அக்கரையில் ஒரு தெரு முழுக்க உலர்த்திய ஜந்துக்கள். காது மாதிரி ஒன்று, விரல் மாதிரி ஒன்று, அட்டை மாதிரி ஒன்று. சாக்கில் குவித்து வைத்துக் கையை விட்டு அளைகிறார்கள். அடுத்த சந்தில் பாம்பு சூப். குளிருக்கு நல்லதாம். பிள்ளைகுட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கிழவன் தள்ளுவண்டியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்றான். அந்த ஊரில் மனுஷர் தின்கிற பொருள் அது ஒன்றுதான். அதையும் தோலை நன்றாக எடுத்துவிட்டுத்தான் தின்றேன்.

நான் வீணாகக் குறை சொல்கிறவள் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாவூர்சத்திரத்துப் பக்கம் போய் நர்ஸம்மா என்று கேளுங்கள், எந்த வீட்டிலும் சொல்வார்கள். நானூறு பேறுகாலத்துக்குக் கூட நின்றிருக்கிறேன். நிறைமாதக்காரிகளிடம் உட்கார்ந்து தினம் ஒரு முட்டை சாப்பிடு, பத்தியம் என்று பட்டினி கிடக்காதே, உடம்பில் ரத்தம் வேண்டும் என்று சொல்வேன். அது சர்க்கார் சொல்லச் சொன்னது. நாங்கள் சைவம். முட்டையை நான் கையால் தொட்டது கிடையாது. சொல்வது வேலை, தொடுவது வேறு.

மகளுக்கு உலகம்மை என்று பெயர். எங்கள் ஊர் அம்மன் பெயர். அங்கே அவளை எமி என்கிறார்கள். முதல் நாள் லிப்டில் ஒருத்தன் எமி என்று கூப்பிட, இவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அம்மை என்பதில்தானேம்மா எமி இருக்கு என்று எனக்குச் சமாதானம் வேறு. இவள் எட்டாவது படிக்கும்போது இவள் அப்பா போய்விட்டார். ஒற்றைப் பிள்ளை. காலையில் சைக்கிளில் இவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அதே சைக்கிளில் ஊர் ஊராகத் தடுப்பூசிப் பெட்டியோடு போவேன். அப்படி வளர்த்தது.

மார்ச் கடைசிவரை அங்கே இருப்பதாக ஏற்பாடு. திரும்பும்போது மகளையும் பிள்ளையையும் கூட்டி வந்து மூன்று மாதம் தென்காசியில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. உள் அறைக்கு வெள்ளையடித்து, கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூரையில் தொட்டில் கொக்கி போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். கொக்கியை நானே தொங்கிப் பார்த்தேன், என் பாரத்தையே தாங்கியது. கொத்தனார் சிரித்தான்.

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

இருபத்தேழாவது மாடியில் வீடு. வீடு என்ன வீடு, நம் ஊரில் ரேஷன் கடை அதைவிட அகலம். எதிரும் புதிருமாக இரண்டு வாசல், நடுவில் நாலு அடி நடை. எதிர் வாசலில் லாம் என்று ஒரு கிழவி. எழுபது இருக்கும். தனியாக இருக்கிறாள். பெற்ற மகள் கனடாவில், பதினோரு வருஷமாக வந்து பார்க்கவில்லையாம். உலகம்மை சொன்னாள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? இவள் எப்படிப்பட்டவளாக இருந்தால் பெற்ற மகள் பதினோரு வருஷம் வராமல் இருப்பாள், நீங்களே சொல்லுங்கள். தன் மகள் இல்லையென்று என் மகளைப் பிடித்துக்கொண்டாள், வேறென்ன.

அவள் வாசலில் சாமி வைத்திருக்கிறாள். எங்கே? தரையில். செருப்புக் கழற்றிப் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னப் பெட்டி, அதில் மூன்று ஊதுபத்தி, இரண்டு ஆரஞ்சு. வாசலைக் காக்கிற சாமியாம். நான் அந்தப் பக்கம் பார்க்காமலே நடப்பேன். பார்த்தால் கும்பிட வேண்டிவரும்.

நான் போய் இறங்கிய அன்றைக்கே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். மகளின் வயிற்றைத் தொட்டாள், என்னைக் காட்டினாள், வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "போ போ."

நான் மகளைப் பார்த்தேன். அவள் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். கிழவி மறுபடியும் என் கையைப் பிடித்து, "போ போ" என்றாள்.

உலகம்மை அவளுக்கு நாலு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அது எனக்குத் தெரியும். வணக்கம், சாப்பாடு, நன்றி, பாப்பா. போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஐந்தாவதாகப் போ என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். நாயை விரட்டுகிற மாதிரிக்கூட இல்லை, சிரித்துக்கொண்டே. மகளிடம் கேட்கவில்லை. வந்த அன்றைக்கே என்னை ஒருத்தி போ என்கிறாளே என்று பெற்ற பிள்ளையிடம் கேட்பார்களா? எனக்கும் மானம் இருக்கிறது. அதற்குப் பிறகு தினமும்தான் சொன்னாள். லிப்டில் போ போ. குப்பை போடப் போனால் போ போ. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவேன்.

டிசம்பர் இருபத்திரண்டு பிள்ளை பிறந்தது. பெண். சுகப்பிரசவம். அன்றைக்கு அந்த ஊரில் ஏதோ விசேஷம், குளிர்காலத்தின் நடு நாளாம், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாளாம். சாயங்காலமே கடையை அடைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு ஓடுகிறார்கள். இந்தக் கிழவி ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கிறாள், கையில் ஒரு பிளாஸ்க். உள்ளே கொழுக்கட்டை மாதிரி மாவு உருண்டை, இஞ்சிப் பாகில். அரிசி மாவும் வெல்லமும்தாம்மா, சைவம்தான் என்றாள் மகள். நான் தொடவில்லை. அது எந்தப் பாத்திரத்தில் வெந்ததோ. அவள் உலகம்மைக்கு ஊட்டிவிட்டு, மிச்சம் இருந்த இரண்டு உருண்டையை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து தின்றாள். கூட உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு வேறு ஆளா இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்கவே வேண்டாம். நான் செய்வதற்கெல்லாம் முன்னால் வந்து நிற்பாள். மகள் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீரைத் தொடாதே என்று கையைத் தட்டுவாள். ஜன்னலைச் சாத்துவாள். தலைக்குக் குல்லா மாட்டுவாள். பழம் சாப்பிட விடமாட்டாள். இஞ்சித் தோலைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில்தான் உடம்பு துடைக்க வேண்டும் என்பாள். இதையெல்லாம் நான் எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன்? இவளே கண்டுபிடித்த மாதிரி என்னிடமே கைஜாடையில் சொல்லித் தருகிறாள். எனக்கு எரியுமா எரியாதா?

அவள் ஜன்னலுக்கு வெளியே கம்பில் கொத்துக் கொத்தாகச் சிவப்பாக ஏதோ தொங்கும். பன்றிக் குடலில் அடைத்த கறியாம், குளிர்காற்றில் காய வைப்பார்களாம். அதற்கு மூன்றடி தள்ளி எங்கள் கம்பில் பிள்ளையின் துணி. கொழுப்பு மினுமினு என்று இருக்கும். ஒருநாள் மழை தூறியபோது நான் குளியலறையில் இருந்தேன். வந்து பார்த்தால் பிள்ளைத் துணியெல்லாம் மடித்து எங்கள் வாசலில் இருக்கிறது. அவள்தான் கையை நீட்டி எடுத்திருக்கிறாள். அந்தக் கையால். அத்தனையையும் மறுபடி துவைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டேன். அதற்கென்றே ஊரிலிருந்து நாலு சிரட்டை பெட்டியில் கொண்டுபோயிருந்தேன். அடுப்பில் சிரட்டையைக் கனிய வைத்துச் சாம்பிராணியைத் தூவினேன், அவ்வளவுதான். புகை கதவிடுக்கு வழியாக நடைக்குப் போய், கூரையில் இருந்த மணி அலற ஆரம்பித்துவிட்டது. இருபத்தேழு மாடிக்கும் கேட்டிருக்கும். காவல்காரன் மூச்சு வாங்க ஓடி வந்தான். நான் கதவிடுக்கில் பார்க்கிறேன். கிழவி வெளியே வந்து நின்று, தன் சாமிப் பெட்டியைக் காட்டி, ஊதுபத்திக் கட்டையே எடுத்துக் காட்டி என்னவோ சொல்கிறாள். அவன் அவளை இரண்டு அதட்டு அதட்டிவிட்டுப் போனான். தான் ஒழுங்காகத்தான் ஊதுபத்தி கொளுத்துவதாகவும் நாங்கள்தான் தெரியாமல் புகை போட்டுவிட்டதாகவும் காட்டிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் மாப்பிள்ளை, அவங்க தன் ஊதுபத்திதான்னு சொல்லிட்டாங்களாம் அத்தை, இல்லேன்னா நமக்கு நோட்டீஸ் வந்திருக்கும் என்றார். நான் சொல்லச் சொன்னேனா?

பால் விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்குப் பால் பற்றவில்லை. ஒரு வாரம் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. நான் பூண்டுக் குழம்பு வைத்தேன், லேகியம் கொடுத்தேன், உளுந்தங்களி கிண்டினேன். மூன்று வேளையும் குழைந்த சோறு, மிளகு ரசம், பூண்டு. மற்றது எதுவும் கூடாது என்று கட்டுச் செட்டாகப் பத்தியம். பத்தாம் நாள் பால் ஊறிவிட்டது. நல்ல பால். பிள்ளை குடித்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்கியது. நான் போனைப் போட்டு என் தங்கையிடம், பூண்டுக் குழம்பை மிஞ்ச ஒரு மருந்து கிடையாது என்றேன். எல்லோரிடமும் சொன்னேன். இருபது பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

பதினெட்டாம் நாள் மாப்பிள்ளையோடு அக்கரைக்கு முருங்கைக்கீரை வாங்கப் போயிருந்தேன். கீரை இல்லை, போன சுருக்கில் திரும்பிவிட்டோம். கதவைத் திறந்தால் அந்த வாடை. புளித்த காடி, வெல்லம், இஞ்சி, அதற்கு அடியில் ஒரு வாடை. மேஜை மேல் கறுப்பாக ஒரு மண்சட்டி. உலகம்மை விரலால் பிடித்து எதையோ கடித்துக்கொண்டிருக்கிறாள். உதட்டில் கறுப்பு. சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பன்றிக் கால். குளம்போடு. முழு முழு முட்டை கறுத்துப்போய் மிதக்கிறது. கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்த பிள்ளை அவள்.

நான் ஒன்றும் கத்தவில்லை. "ஏட்டி, என்ன இது?" என்றுதான் கேட்டேன்.

"எனக்குப் பசிக்கும்மா," என்றாள். "பால் கொடுத்துட்டு எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. உங்க ரசத்துல அடங்கலை. எட்டாம் நாள்லேருந்து சாப்பிடுறேன்."

எட்டாம் நாளிலிருந்து. நான் குளிக்கப் போகும்போதும் துணி உலர்த்தப் போகும்போதும். பிள்ளை பெற்றவளுக்கு அந்த ஊரில் அதுதான் மருந்தாம். அந்த ஊர் முழுக்க அதைத்தான் செய்வார்களாம். கிழவி இரண்டு நாள் அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பாளாம். அவ்வளவு இஞ்சி, இரண்டு கிலோ இருக்கும், அத்தனையையும் தோல் சீவி.

சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கக்கூஸில் கொட்டினேன். மூன்று தடவை தண்ணீர் விட்டேன். முட்டை போகவில்லை. ஆறு முட்டை. திரும்பத் திரும்ப மேலே வந்து மிதக்கிறது. கடைசியில் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். நான், இந்தக் கையால்.

சட்டியைக் கழுவித்தான் கொடுத்தேன். சோப்புப் போட்டு, புளி போட்டு, மூன்று தடவை தேய்த்துக் கழுவி அவள் வாசலில், சாமிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். கதவிடுக்கில் பார்த்தேன். கிழவி வந்து சட்டிக்குள் பார்த்தாள். எங்கள் கதவைப் பார்த்தாள். முழுக்கச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள் போல, கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னைப் பார்த்து, "போ போ, நன்றி," என்றாள். சாப்பிட்டதற்கு அவள் எனக்கு நன்றி சொல்கிறாள்.

எங்கள் வீட்டில் யார் பாத்திரமும் வெறுமனே திரும்பிப் போனது கிடையாது. ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பேன். அது வேறு. இது பன்றி வெந்த சட்டி. கழுவித்தான் கொடுத்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் அடுத்த சட்டி வந்துவிட்டது. ஆவி பறக்க. நான் கதவைச் சாத்துவதற்குள் உலகம்மை எழுந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போய் இரண்டு கையாலும் வாங்கினாள். மேஜையில் வைத்து, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "இதைத் தின்னுட்டு நீ கொடுக்கிற பாலைக் குடிக்கிற பிள்ளையை நான் தொடுவேன்னு நினைக்காதே."

அவ்வளவுதான். வயிற்றெரிச்சலில் பெற்றவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா? நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்களா? அவள் முட்டையைத் தின்று முடித்தாள், கையைக் கழுவினாள், பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் சொன்ன சொல்லில் நின்றேன். மூன்று நாள் பிள்ளையைத் தூக்கவில்லை. தூக்காவிட்டால் யாருக்கு நஷ்டம்? எனக்குத்தான் கை மரத்துப்போன மாதிரி இருந்தது. அது அழும்போது எழுந்து எழுந்து உட்காருவேன். கிழவி வந்து குளிப்பாட்டினாள். எண்ணெய் தேய்க்கத் தெரியவில்லை அவளுக்கு, காதுக்குப் பின்னால் தேய்க்கவே இல்லை. தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் வந்தது. அந்தக் குளிரில், வெயில் விழாத வீட்டில், மின் அடுப்பில் வைத்துப் பொங்கினேன். பால் பொங்கியதும் மனசு இளகிவிட்டது. நல்ல நாள், போகட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கப் போனேன். உலகம்மை குறுக்கே கையை வைத்தாள்.

"வேண்டாம்மா," என்றாள். "தீட்டாயிடும்."

என்னிடம் அப்படிப் பேசமாட்டாள். யாரிடமும் அப்படிப் பேசுகிற பிள்ளை இல்லை. அந்த ஊர்ச் சாப்பாடு பேச வைக்கிறது.

பொங்கல் கழிந்த நாலாம் நாள் டிக்கெட் கையில் இருந்தது. உங்களுக்குக் குளிர் ஒத்துக்கலை அத்தை, ராத்திரியெல்லாம் இருமுறீங்க என்றார் மாப்பிள்ளை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இருமல் இருந்தது உண்மைதான். என் உடம்பைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு கவலை. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

கிளம்பும்போது கிழவி வந்துவிட்டாள். பிள்ளை அவள் தோளில் இருந்தது. அங்கே வாசலில் கதவுக்கு வெளியே இன்னொரு இரும்புக் கதவு, ஜெயில் மாதிரி. நானும் பெட்டியும் இந்தப் பக்கம், மகள் அந்தப் பக்கம். நாற்பது நாள் ஆகவில்லை, வெளியே வரக்கூடாது. அதை நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். பாத்துப் போங்கம்மா என்றாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. வேறு நினைப்பில் இருந்திருப்பாள்.

கிழவி பிள்ளையின் கையைப் பிடித்து உயர்த்தி என் பக்கம் ஆட்டினாள். "போ போ. போ போ."

எனக்கு வந்ததே ஆத்திரம். "போறேன் தாயே, போறேன். பச்சைப் பிள்ளை கையைப் பிடிச்சு விரட்ட வேண்டாம்," என்றேன்.

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சிரிக்கப் போகிறாளா, அழப் போகிறாளா என்று தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிழவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ நினைவு வந்தவளாகத் தன் வீட்டுக்குள் ஓடி இந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். என் டப்பாதான். அவளுக்கு முழங்கால் வலி என்று உலகம்மை என் லேகியத்தில் பாதியை இதில் போட்டுக் கொடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு ஆரஞ்சு. இலையோடு.

விமான நிலையத்துக்குப் போகிற வழியில்தான் மாப்பிள்ளை சொன்னார். பாலம் மேல் வண்டி போகிறது, கீழே அந்தப் பச்சைத் தண்ணீரில் கப்பல் கப்பலாக நிற்கிறது. "அத்தை, போபோன்னா அம்மாவைப் பெத்த அம்மா. அம்மாச்சிக்கு அவங்க பாஷையில அதுதான் சொல். பிள்ளை முறைக்கு உங்களை அவங்க அப்படிக் கூப்பிடுறாங்க. மரியாதைதான்."

அப்படியா என்றேன். அவர்கள் பாஷையில் என்னவாகவும் இருக்கட்டும். நம் பாஷையில் அதற்கு என்ன அர்த்தமோ அதுதானே கடைசியில் நடந்தது.

சிங்கப்பூரில் விமானம் மாறக் காத்திருந்தபோது ஒன்று தோன்றியது. அந்தக் கட்டடத்தில் வயசான பொம்பளைகளை எல்லாம் அப்படித்தான் கூப்பிட்டார்கள். காவல்காரன் அந்தக் கிழவியைப் போபோ என்றுதான் அதட்டினான், என் காதில் விழுந்தது. ஐயோ பாவம், கிழவியையும் விரட்டுகிறானே என்றுகூட நினைத்தேன். அப்படியென்றால் பிள்ளை பேச ஆரம்பித்ததும் அவளைத்தானே அப்படிக் கூப்பிடும்? தினம் கண் முன்னால் இருக்கிறவள் அவள்தானே.

மதுரையில் இறங்கியதும் போன் போட்டேன். வந்து சேர்ந்துட்டீங்களா என்றாள். பின்னால் கிழவி குரல் கேட்கிறது, பிள்ளையிடம் போபோ போபோ என்று கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். யாரைச் சொல்றா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை. பிறகு, "உங்களைத்தாம்மா," என்றாள்.

மார்ச்சில் வருகிறாய்தானே, கொக்கியெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். பாக்கலாம்மா என்றாள்.

என்ன அது, வாசுதேவநல்லூர் தாண்டிவிட்டோமா? அடுத்தது உங்கள் ஊர். பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை. நீங்களும் ஒன்றும் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். இருங்கள், இதில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மதுரையில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன், இன்னும் கையில் இதே மணம். நல்ல பழம்தான். இலை வாடவே இல்லை பாருங்கள்.

இல்லை, இருக்கட்டும். தப்பாக நினைக்காதீர்கள். இதை அவர்கள் இரண்டாகத்தான் கொடுப்பார்களாம். ஒற்றையாகக் கொடுக்கக்கூடாதாம், ஒற்றையாக வைத்துக்கொள்ளவும் கூடாதாம். மாப்பிள்ளை சொன்னார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கொடுத்தவள் ஜோடியாகக் கொடுத்திருக்கிறாள்.

நான் அந்தச் சட்டியை வெறுமனே கொடுத்துவிட்டேன்.

புளியங்குடி வந்துவிட்டது. அந்தப் பக்கம் படி உயரம், பார்த்து இறங்குங்கள். உங்கள் பையை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் முதலில் இறங்குங்கள். ம், இந்தாருங்கள். போயிட்டு வாங்க.